பக்கத் தலைப்பும் பக்க அடியும் (அச்சு ஆவணங்கள்)

பக்கத் தலைப்பு, பக்க அடி என்பவை அச்சிட்ட ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் முதன்மை உரைக்கு மேலும் கீழும் உள்ள ஓரங்களில் திரும்பத் திரும்ப இடம்பெறும் பகுதிகள் ஆகும். ஆவணத்தின் பெயர், பக்க எண், மொத்தப் பக்கங்கள், தேதி, கையொப்பத்திற்கான இடம் முதலியன இவற்றில் அமையும். தமிழில் ‘அடிக்குறிப்பு’ என்னும் சொல் இந்தப் பக்க அடியையும் குறிக்கிறது. உரையில் ஒரு சொல்லுக்கு எண்ணிட்டுக் கீழே எழுதும் விளக்கத்தையும் குறிக்கிறது. கணினியில் இவை இரண்டும் வேறு வேறு கட்டளைகள் என்பதால் புதிதாகப் பழகுவோர் குழம்புவதுண்டு. இக்கட்டுரை முன்னதைப் பற்றியது.

ஒரு தாள் கட்டிலிருந்து பிரிந்துவிட்டால், அது எந்த ஆவணத்தின் எத்தனையாவது தாள் என்பதைச் சொல்வது ஓரத்தில் உள்ள குறிப்பே. ஓலைச்சுவடிகளிலும் இதே தேவை இருந்தது. ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணால் ஏட்டு எண் எழுதினர். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால் வரிசையை மீட்டுத் தருவது அந்த எண். ஓரம் செல்லரித்துப் போன சுவடியில், பொருளையும் யாப்பையும் கொண்டு வரிசையை ஊகிக்கும் வேலை பதிப்பாசிரியர் தலையில் விழுந்தது. அச்சு நூல்களில் பக்கத் தலைப்பு தேடுவதற்கும் உதவுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுவோர் முதலில் பார்ப்பது பக்கத்தின் உச்சியில் உள்ள சொல்லைத்தான்.

இன்று தமிழ்நாட்டில் பக்க ஓரங்கள் மிகுந்த கவனத்தோடு அமைக்கப்பட வேண்டிய இடம், பதிவுக்குச் செல்லும் பத்திரம்.

பத்திரத்தில் பக்க ஓரங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊரான மீமிசல் போன்ற இடங்களில் நிலக் கிரையப் பத்திரம் ஒன்றை அச்சிடுபவர், கல்லூரி மாணவர் ஆய்வேடு அச்சிடுவதைப் போல எல்லாப் பக்கத்திற்கும் ஒரே அமைப்பை வைக்க முடியாது. முத்திரைத்தாளின் மேற்பகுதியில் முத்திரை ஏற்கெனவே அச்சாகியிருக்கும். உரை அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். தேவையான மதிப்பு ஒரே தாளில் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று முத்திரைத்தாள்களாக வாங்குவர். அவை தீர்ந்த பிறகு வரும் வெற்றுத்தாள்களில் உரையை மேலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் கையொப்பமிடுவது வழக்கம். எனவே பக்க அடி என்பது இங்கே எண் போடும் இடம் மட்டுமன்று. கையொப்பமோ கைநாட்டோ உரையின்மேல் ஏறாதபடி ஒதுக்கப்படும் இடமும் ஆகும்.

இதன் பின்னால் சட்டத்தின் எச்சரிக்கையும் உண்டு. 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 16 ஆவது பிரிவு, பதிவுப் புத்தகங்களின் பக்கங்களில் தொடர் எண்கள் அச்சிலேயே இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு புத்தகத்திலும் எத்தனை பக்கங்கள் என்பதை, அதை வழங்கும் அதிகாரி முகப்புப் பக்கத்தில் சான்றளிக்க வேண்டும். 60 ஆவது பிரிவின்படி தரப்படும் பதிவுச் சான்றில், ஆவணம் எந்தப் புத்தகத்தில் எந்த எண்ணில் எந்தப் பக்கத்தில் படியெடுக்கப்பட்டது என்பது இடம்பெற வேண்டும். இதே முறைதான், பதிவான பத்திரத்தின் தாள்களில் ஆவண எண், ஆண்டு ஆகியவற்றோடு ‘இத்தனை தாள்களில் இது இத்தனையாவது’ என்னும் குறிப்பாகக் காணப்படுகிறது.

‘3 ஆவது தாள்’ என்பதைவிட ‘8 தாள்களில் 3 ஆவது தாள்’ என்பது வலுவானது. முன்னது தாள் எங்கே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது. பின்னது கடைசித் தாள் காணாமல் போயிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நில அளவை எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவை அடங்கிய சொத்து விவரம் பெரும்பாலும் கடைசித் தாள்களில்தான் வருகிறது. அந்த ஒரு தாளை மாற்றினால் நிலமே மாறிவிடும்.

அமைக்கும் முறை

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘இன்சர்ட்’ பட்டியலில் உள்ள ஹெடர், ஃபூட்டர் கட்டளைகளால் இப்பகுதிகளைத் திறக்கலாம். ‘டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’ என்பதைத் தேர்ந்தால் முதல் பக்கத்திற்குத் தனித் தலைப்பு கிடைக்கும். வெற்றுத் தலைப்பிலேயே தேவையான அளவு வரி இடைவெளி விட்டால் உரை தானாகக் கீழே இறங்கும். முத்திரைத்தாள் ஒன்றாக இருக்கும்வரை இது போதும். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஆவணத்தைப் பிரிவுகளாக உடைத்து, புதிய பிரிவில் ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்பதை நீக்கிய பிறகே தலைப்பை மாற்ற வேண்டும். அதை நீக்க மறந்தால், வெற்றுத்தாளுக்குச் செய்த மாற்றம் முத்திரைத்தாளையும் பாதிக்கும்.

இந்த வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் இன்னும் பொருத்தமானது. அதில் பக்கப் பாணிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ‘அடுத்த பாணி’ எது என்று குறிக்கலாம். முத்திரை ஒன்று, அதன்பின் முத்திரை இரண்டு, அதன்பின் வெற்றுத்தாள் என்று கோத்துவிட்டால், இடையில் ஒரு பத்தியைச் சேர்த்தாலும் நீக்கினாலும் உரை புரண்டு ஓட, பக்க அமைப்பு அதனதன் தாளிலேயே நிற்கும். வேர்டில் பிரிவு முறிவு உரையோடு சேர்ந்து நகர்வதால் ஒவ்வொரு திருத்தத்திற்குப் பிறகும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

பக்க எண்ணையும் மொத்தப் பக்க எண்ணிக்கையையும் தட்டச்சு செய்யாமல் புலங்களாகச் செருகுவதே முறை. தேதி மட்டும் இதற்கு விலக்கு. தானாகப் புதுப்பிக்கும் தேதியைத் தலைப்பில் வைத்தால், ஆறு மாதம் கழித்து மறுபடி அச்செடுக்கும் படியில் அன்றைய தேதி விழும். அதேபோல், நில வரைபடத்தைத் தனிக் கோப்பாக அச்சிட்டு இணைத்தால் மொத்த எண்ணிக்கையில் அது சேராது. அச்சான பிறகு எண்ணைப் பேனாவால் திருத்துவதும் எளிதன்று. அடித்தல், திருத்தல், வரியிடைச் சேர்க்கை ஆகியவற்றுக்கு எழுதிக் கொடுத்தவரின் கையொப்பமோ சுருக்கொப்பமோ இல்லையென்றால், ஆவணத்தை ஏற்க மறுக்கப் பதிவு அலுவலருக்கு 20 ஆவது பிரிவு இடம் தருகிறது.

தாளின் அளவும் கவனத்திற்குரியது. லீகல் தாள் 8.5 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் கொண்டது. ஏ4 தாளின் உயரம் 11.7 அங்குலம்தான். கோப்பில் ஏ4 என்றிருக்க, அச்சுப்பொறியில் லீகல் தாளை வைத்தால் பக்க அடி தாளின் அடிக்கு வராமல் மேலேயே நின்றுவிடும். தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பெரும்பாலான அச்சுப்பொறிகளால் அச்சிட முடியாது என்பதால், ஓரத்தை ஒட்டி வைத்த எண் பாதி அறுந்து விழும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் செய்த கோப்பை மாற்றுபவர்கள் உரையை மட்டும் நகலெடுத்து மாற்றியில் இடுவர். தலைப்பும் அடியும் பழைய குறியாக்கத்திலேயே தங்கி, வேறு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

உலாவியிலிருந்து அச்சிடுதல்

குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் பக்கத்தின் பெயர், தேதி, இணைய முகவரி, பக்க எண் ஆகியவற்றைத் தாமாகவே ஓரங்களில் சேர்க்கின்றன. அச்சிடும் பெட்டியில் ஹெடர், ஃபூட்டர் என்றிருக்கும் குறியை எடுத்துவிட்டால் இவை மறையும். கல்லூரிக் கட்டுரைக்கு அது அழகு; பிற்காலத்தில் சான்றாகக் காட்ட வேண்டிய பக்கத்திற்கு முகவரியும் தேதியும் இருப்பதே நல்லது. தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் எடுக்கும் பட்டா நகல் இதற்காக உலாவியை நம்புவதில்லை. சரிபார்க்க வேண்டிய தள முகவரி, குறிப்பு எண், அச்சிட்ட தேதி, நேரம் ஆகியவற்றை அது தன் அடிப்பகுதியிலேயே தாங்கி வருகிறது.