வாடகைக்கு வருகிறவரும் கேள்வி கேட்கலாம்

முழுப் பரீட்சை முடிந்ததும் சென்னையில் வீடு மாறும் காலம் தொடங்கிவிடுகிறது. பள்ளி திறப்பதற்குள் மாறியாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். வேளச்சேரி, மேடவாக்கம், போரூர், பெரம்பூர் என்று எங்கே போனாலும் டூ-லெட் போர்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி போன் பேசிக்கொண்டிருக்கும் தம்பதிகளைப் பார்க்கலாம். வேண்டியது இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், கிச்சன்.

மறுமுனையில் கேள்விகள் வரிசையாக வரும். எத்தனை பேர், எங்கே வேலை, சொந்த ஊர் எது? இதுவரை சரி. அடுத்து, ‘நான்-வெஜ் சமைப்பீங்களா?’ பிறகு, சுற்றி வளைத்தோ நேராகவோ, ‘நீங்க என்ன ஆளுங்க?’ பெயரைச் சொன்னதுமே ‘நேத்துதான் அட்வான்ஸ் வாங்கினோம்’ என்று போனை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த போர்டு அடுத்த வாரமும் அங்கேயே தொங்கும். முஸ்லிம்களும் தலித்துகளும் தனியாக வாழும் பெண்களும் இதை ஒவ்வொரு முறையும் அனுபவிக்கிறார்கள். சமையலைப் பற்றிய அந்தக் கேள்வி பல இடங்களில் சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களா என்பதைத் தாண்டி ஒரு ஓனருக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. இந்த மறுப்பைத் தடுக்க நம் வாடகைச் சட்டத்தில் ஒரு பிரிவுகூட இல்லை என்பது வெட்கக்கேடு.

இவ்வளவு விசாரணைக்குப் பிறகு வீடு கிடைத்தால் போதும் என்ற மனநிலை வந்துவிடுகிறது. டைல்ஸையும் கப்போர்டையும் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறோம். நாம் கேட்க வேண்டியவை கேட்கப்படாமலே போகின்றன.

முதலில் தண்ணீர். பாத்ரூம் ஷவரை அண்ணாந்து பாருங்கள். துளைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் வருவது போர் தண்ணீர். கிச்சன் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தால் மீதி தெரிந்துவிடும். மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு வருகிறதா, லாரி வாங்கினால் பணம் யார் தருவது என்று அங்கேயே கேளுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே லாரிக்குக் காத்திருந்ததை மறக்க முடியாது. மழைக்கால நிலவரத்தை ஓனரிடம் கேட்டால் போதாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைத் தெருமுனை அயர்ன்காரரும் மளிகைக் கடைக்காரரும் கையைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் தரைத்தளத்துக்குப் போகும் முன் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டுக்குத் தனி ஈபி இணைப்பு என்றால், இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் என்றால் அந்தச் சலுகை உங்களுக்கு வராமலே போகலாம். யூனிட்டுக்கு ஓனர் சொல்வதுதான் விலை.

பெரிய தொகை அட்வான்ஸ். பத்து மாத வாடகையை வாங்குவது சென்னையின் நெடுநாள் வழக்கம். மாதம் 20,000 ரூபாய் என்றால் 2 லட்சம். ஒரு நடுத்தரக் குடும்பம் நகையை அடகு வைத்துத்தான் அதைப் புரட்டுகிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு தேடி அலைகிறவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? அந்த விலக்கை நீக்கினால்தான் வரம்புக்குப் பலன் உண்டு.

பெயின்ட் கதையும் இதே மாதிரிதான். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊரறிந்த பழக்கம். சட்டத்தின் அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதையும் ஓனரின் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிவிட்டால் நிலைமை மாறிவிடும். அதனால் புரோக்கர் நீட்டும் பேப்பரில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் வரி வரியாகப் படியுங்கள். பெயின்ட் பிடித்தம் இருந்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதினோரு மாதத்துக்குத்தானே, பதிவு எதற்கு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. பதிவான ஒப்பந்தம் கையில் இருந்தால், காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியைத் தைரியமாகச் சுட்டிக்காட்டலாம். வாடகைத் தகராறு என்ற பெயரில் யாராவது தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தினால், அதையும் இதே சட்டம் தடுக்கிறது.