கண்டிப்பேட்டையில் கொஞ்சம் இடம் விடுங்கள்

ஹைதராபாத்தில் குடியேறியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கண்டிப்பேட்டை ஏரியைப் பார்க்கப் போனோம். ஏரி நிறையவில்லை, அதற்குள் மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். குடிதண்ணீரை இப்படியா வீணடிப்பது?"

கண்டிப்பேட்டை என்று ஊரார் சொல்லும் உஸ்மான் சாகர், குடிதண்ணீருக்காக மட்டும் கட்டியதல்ல. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களை அடித்துக்கொண்டு போனது. இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் பிழைத்தார்கள். மரம் இன்றும் நிற்கிறது, ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

மறு ஆண்டு நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவர் எடுத்த கணக்கில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்று: மூசியின் நீர்ப்பிடிப்பில் 788 ஏரிகள், ஏறக்குறைய சதுர மைலுக்கு ஒன்று. அந்த மழையில் அவற்றில் 221 உடைந்திருந்தன. மேலே ஓர் ஏரி உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் கீழ் ஏரியின் கரையில் வந்து மோதும். அதுவும் உடைந்தால் இரண்டு ஏரித் தண்ணீரும் மூன்றாவதன் தலையில். காப்பாற்ற வேண்டிய ஏரிகளே வெள்ளத்தை வளர்த்துவிட்டன. அவர் யோசனைப்படி மூசியில் உஸ்மான் சாகர் 1920இலும், அதன் துணையாறான ஈசியில் ஹிமாயத் சாகர் 1927இலும் எழுந்தன.

குடிக்க வேண்டுமானால் ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் இடம் இருக்க வேண்டும். எங்கள் ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்தில் வைத்த குண்டானை, இரவு படுக்குமுன் அம்மா கொட்டிக் கவிழ்த்துவிட்டுத்தான் திரும்ப வைப்பாள். மதகைத் திறப்பதும் அதற்குத்தான். வீணில்லை, அம்மணி.

இந்த இரண்டு ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு, 84 கிராமங்களில், கட்டடங்களுக்குக் கடிவாளம் போட்டது 1996இன் அரசாணை 111. ஊருக்கு கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீர் வந்துவிட்டது, இனி இந்த ஏரிகளை நம்பியில்லை என்று 2022இல் அதைத் தளர்த்த ஆணையிட்டார்கள். குடிதண்ணீர்க் கணக்கு சரிதான். வெள்ளக் கணக்கை யார் போட்டது? வயலில் விழும் மழை ஊறி மெதுவாக வரும்; சிமெண்டில் விழுந்தது விழுந்த வேகத்தில் ஏரிக்கு வரும், மதகுக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கீழே மகாத்மா காந்தி பேருந்து நிலையமோ மூசிக்கு நடுவிலேயே இருக்கிறது. 2025 செப்டம்பரில் இரண்டு ஏரிகளின் மதகுகளும் திறந்தபோது அந்த நிலையத்துக்குள் ஆறு புகுந்தது.