தாவும் நாய்க்கு நிற்கவும் கற்பிக்கலாமா?

குடியரசு நாள் விழாவில் காவல்துறையின் மோப்ப நாய்கள் தம் திறமையைக் காட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நெருப்பு வளையத்தினுள் புகுந்து பாய்ந்த நாய், அடுத்த நொடியே பயிற்சியாளரின் காலருகே வந்து கல்லில் செதுக்கிய சிலைபோல் அமர்ந்துவிடும். கூட்டம் கைதட்டுவது பாய்ச்சலுக்கு. ஆனால் நாய்ப் பயிற்சியின் அருமை தெரிந்தவர்கள் வியப்பது அந்த அமர்தலைக் கண்டுதான்.

பாய்வது ஒரு பாடம். அடங்கி நிற்பது வேறொரு பாடம். முதலாவதைத் தடைதாண்டல் என்போம். இரண்டாவதைக் கீழ்ப்படிதல் என்போம். இரண்டையும் ஒரே காலத்தில் கற்பிக்க முடியுமா? "முதலில் அடக்கம், பிறகுதான் ஓட்டம், கலந்தால் இரண்டும் கெடும்" என்று சொல்வோர் உண்டு. ஆனால் குவாலியர் அருகே தேக்கன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படை 1970-இல் தொடங்கிய நாய்ப் பயிற்சி மையம் போன்ற இடங்களில் இவ்விரண்டும் ஒரே பயிற்சிக் காலத்துக்குள் வந்துவிடுகின்றன. எப்படி முடிகிறது?

இது காவல்துறைக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உப்பங்கழிகளும் சுரபுன்னைக் காடும் நிறைந்த பகுதி. அங்கே நாட்டு நாய் ஒன்றை வளர்க்கும் மாணவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய நாய்க்குத் தாவ யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்கால் மேல் கிடக்கும் தென்னை மரத்தில் அது கழைக்கூத்தாடி போல நடக்கும். ஆனால் வரப்பிலிருந்து ஒரு கொக்கு எழுந்தால் போதும், பின்னாலேயே ஓடும். குறுக்கே சாலை இருந்தாலும் பேருந்து வந்தாலும் அதற்குத் தெரியாது. சிறு படகில் ஏறிய நாய் திடீரென்று நீரில் குதித்தால் படகில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். ஓடும் நாயை நிறுத்தும் "நில்" என்ற ஒரு சொல் அங்கே உயிரைக் காக்கும் சொல்.

தடைதாண்டல் ஒரு விளையாட்டாக மாறியது அண்மைக் காலத்தில்தான். 1978-இல் லண்டனில் நடந்த 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டும் என்று, குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கும் ஒன்றை அமைத்தார்கள். அதன் விதிகளைக் கவனியுங்கள். ஓட்டுபவர் நாயைத் தொடக்கூடாது. சொல்லாலும் சைகையாலும்தான் நடத்த வேண்டும். தொடங்கும் கோட்டில் நாய் காத்திருக்க வேண்டும். சாய்பலகையில் இறங்கும்போது, வேறு நிறம் பூசிய பகுதியில் அதன் பாதம் பட்டாக வேண்டும். சில போட்டிகளில் நடுவே ஒரு மேசைமேல் ஏறி 5 நொடி அசையாமல் இருக்க வேண்டும். பார்த்தீர்களா? தடைதாண்டலிலேயே பாதி கீழ்ப்படிதல் இருக்கிறது!

உண்மையில், "இது ஓட்டப் பாடம், இது அடக்கப் பாடம்" என்ற பிரிவு நாய்க்குத் தெரியாது. 1898-இல் எட்வர்டு தார்ன்டைக் என்ற அமெரிக்க அறிஞர் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை தாழைத் திறந்து வெளிவருவதை ஆராய்ந்தார். இன்பம் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்கிறது என்று கண்டார். அவருக்குப் பின் வந்த ஸ்கின்னர் இதை விரிவாக வளர்த்தார். ஒரு குறிப்பு, ஒரு செயல், உடனே ஒரு பரிசு. தாவினாலும் அமர்ந்தாலும் நாய் கற்பது இந்த ஒரே வழியில்தான். "உடனே" என்ற சொல் முக்கியம். நாய் அமர்ந்து, மறுபடி எழுந்த பிறகு கருவாட்டுத் துண்டைக் கொடுத்தால், எழுந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? மனத்தின் கிளர்ச்சி நிலையில். பாயும் நாயின் இதயம் வேகமாகத் துடிக்கிறது; இரத்தத்தில் அட்ரினலின் மிகுகிறது. தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் ஆற்றல் அப்போது குறையலாம். 2015-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்தார்கள். கண்ணாடி போன்ற தடுப்புக்குப் பின்னால் ஒருவர் தின்பண்டத்துடன் இருப்பார். நாய் நேரே மோதாமல் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சில முறை அமைதியாகவும், சில முறை உற்சாகமாகக் கூவியும் அழைத்தார்கள். இயல்பிலேயே அமைதியான துணைநாய்கள் உற்சாக அழைப்பில் முன்னைவிட நன்றாகச் செய்தன. துடிப்பு மிக்க வீட்டு நாய்களோ தடுமாறின. ஆகவே எல்லா நாய்க்கும் ஒரே அளவு பொருந்தாது. மந்தமான நாயைக் கொஞ்சம் விளையாடவிட்டு "நில்" சொல்லிக்கொடுங்கள். துள்ளும் நாயை அமைதிப்படுத்திய பிறகு சொல்லிக்கொடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை இரையைக் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். அவற்றிடம் இன்னும் பொறுமை வேண்டும்.

குரலும் கைகொடுக்கும். மாட்டு வண்டிக்காரர் மாட்டை விரட்ட "ஹை, ஹை" என்று வெட்டி வெட்டிச் சொல்வதையும், நிறுத்த "ஓஓ..." என்று இழுப்பதையும் கேட்டிருக்கிறீர்களா? அமெரிக்க ஆய்வாளர் பாட்ரீசியா மெக்கானெல் நாய்க்குட்டிகளிடம் செய்த ஆய்வை 1990-இல் வெளியிட்டார். அடுத்தடுத்து வரும் குறுகிய ஒலிகள், நீண்ட ஒற்றை ஒலியைக் காட்டிலும், குட்டிகளை நன்றாகக் கிளப்பிவிட்டன. நம் வண்டிக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும்! சொற்களையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். "நில்", "நட" இரண்டும் ஒரே மெய்யொலியில் தொடங்குகின்றன. "வா", "தாவு" இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் நாயின் காதில் ஒன்றுபோல் விழலாம். "தாவு" என்பதற்குப் பதில் "குதி" என்றால் குழப்பமில்லை. இன்று "உட்கார்", நாளை "உக்காரு", மறுநாள் தங்கை வந்து "சிட்" என்றால் நாய் என்ன செய்யும், பாவம்!

இரண்டு பாடத்துக்கும் நேரம் போதுமா என்று கேட்பீர்கள். கோபன்ஹேகனில் பீகிள் நாய்களைக் கொண்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு உதவுகிறது. வாரம் ஒரு முறை பயின்ற நாய்கள், வாரம் 5 முறை பயின்றவற்றைவிடக் குறைந்த வகுப்புகளில் பாடத்தைக் கற்றுவிட்டன. இடைவெளியில் மூளை பாடத்தைப் பதியவைத்துக்கொள்கிறது போலும். ஆக, ஒரு நாள் ஓட்டம், அடுத்த நாள் அடக்கம் என்று மாற்றி மாற்றி நடத்தினால், ஒரு பாடத்தின் நாள் மற்றதற்கு ஓய்வு நாளாகிவிடும். தினம் 10 நிமிடம் போதும். ஓட்டத்துக்கு ஓரிடம், அடக்கத்துக்கு வேறிடம் என்று வைத்தால், எந்த மனநிலைக்குத் தயாராவது என்பதை இடமே நாய்க்குச் சொல்லிவிடும். பாடம் முடிந்ததும் விளையாடவிடுங்கள். பாடத்துக்குப் பின் அரைமணி விளையாடிய லாப்ரடார் நாய்கள், ஓய்வெடுத்தவற்றைவிட மறுநாள் விரைவாகப் பாடத்தை மீட்டதாக 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது.

கருவிகளுக்குச் செலவில்லை. கடலூர்க் கரையோரம் சவுக்குக் கழிக்குப் பஞ்சமா? 60 சென்டிமீட்டர் இடைவெளியில் 6 கழிகளை நட்டால் வளைந்தோட வரிசை தயார். பழைய சிமெண்டுச் சாக்குகளை உதறிக் கழுவி, இணைத்துத் தைத்தால் குகை தயார். ஆனால் ஒரு வயது நிரம்பாத குட்டியை உயரம் தாண்டவிடாதீர்கள். எலும்பின் வளரும் முனைகள் இன்னும் இளசாக இருக்கும். போட்டிகளில் பொதுவாக 15 அல்லது 18 மாதத்துக்குப் பின்தான் நாயைச் சேர்ப்பார்கள். வெயிலில் வேண்டவே வேண்டாம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்காது; இளைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயோடு பயிற்சியைத் தொடங்கவே கூடாது. காப்புக் காட்டுக்குள்ளும் அதை அழைத்துப் போக வேண்டாம். அங்கே பறவைகள் இருக்கின்றன.

இரண்டு பாடங்களும் தனித்தனியே படிந்த பின், அவற்றை இணைக்கலாம். நடந்து போகும்போது "நில்" சொல்லுங்கள். நின்றால் பரிசு. பிறகு மெல்லோட்டத்தில், பிறகு ஒரு தடையைத் தாண்டியவுடன், பிறகு இரண்டு தடைகளுக்கு நடுவில். நின்றதற்குப் பரிசாக "குதி" என்று சொல்லி மறுபடி ஓடவும் விடலாம். ஓட விரும்பும் நாய்க்கு அதைவிடப் பெரிய பரிசில்லை. 10 முறையில் 8 முறை நின்றால் அடுத்த படிக்குப் போங்கள். 5 முறைகூட நிற்கவில்லையானால் ஒரு படி இறங்குங்கள். ஒவ்வொரு புது இடத்திலும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வீட்டு முற்றத்தில் நின்ற நாய் படகுத்துறையில் நிற்கும் என்பதில்லை. கொக்கு மேயும் வரப்புக்குக் கயிறில்லாமல் அழைத்துப் போவது எல்லாவற்றுக்கும் கடைசி.