சி மொழி கற்போர் கவனிக்க வேண்டிய மறுபக்கம்

கணனித்துறையில் கால்பதிக்க விரும்பும் எமது பிள்ளைகள் பலர் சி மொழியைக் கற்று வருகின்றனர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய இம்மொழி இன்றும் வழக்கொழியவில்லை. ஆயினும், கட்டளைகளின் இலக்கணத்தை அறிந்துகொண்டால் போதும் என்ற எண்ணமே எம்மிடையே மேலோங்கியுள்ளது. எழுதிய மென்பொருளை யார் சரிபார்ப்பது, எப்போது வெளியிடுவது, எத்தனை காலம் பராமரிப்பது என்பன உரிய கவனத்தைப் பெறுவதில்லை. இக்குறைபாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2014 ஆம் ஆண்டு வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' விவகாரம் உணர்த்தியது.

இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொற்களையும் வங்கி விபரங்களையும் பிறர் படிக்க முடியாதவாறு மறைத்து அனுப்ப உதவும் மென்பொருள்களுள் ஒன்று ஓப்பன் எஸ்.எஸ்.எல். சி மொழியில் எழுதப்பட்ட இதன் மூலநிரலை எவரும் பார்வையிடலாம். 2011 டிசெம்பர் 31 ஆம் திகதி இதில் புதிய வசதியொன்று சேர்க்கப்பட்டது. தொடர்பு அறுந்துவிடவில்லை என்பதை அறிய ஒரு கணனி சிறு செய்தியொன்றை அதன் நீளத்தையும் குறிப்பிட்டு அனுப்பும். மற்றைய கணனி அதனை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட நீளம் உண்மைதானா என்று பார்க்கும் வரி மட்டும் எழுதப்படவில்லை. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு அதன் நீளம் 64 ஆயிரம் என்று ஒருவர் பொய்யுரைத்தால், எதிர்க்கணனி தனது நினைவகத்தில் அவ்வெழுத்தை அடுத்திருந்த அனைத்தையும் சேர்த்து அள்ளிக்கொடுத்தது. அவற்றுள் பிறருடைய கடவுச்சொற்களும் இருக்கக்கூடும்.

சி மொழியின் இயல்பே இதுதான். எல்லை மீறப்படுகிறது என்று அது தடுப்பதில்லை. பைதன், ஜாவா போன்ற மொழிகள் தாமே செய்யும் காவலை இங்கே எழுதுபவரே செய்தாக வேண்டும். வேகத்துக்காகக் கொடுக்கப்படும் விலை அது.

எழுதியவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. பரிசீலித்தவரும் அதனைக் கவனிக்கவில்லை. 2012 மார்ச்சில் 1.0.1 என்ற பதிப்பாக அது வெளியாகி, ஈராண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் இயங்கியது. 2014 ஏப்ரல் 7 ஆம் திகதி குறைபாடு பகிரங்கமாகி, அன்றே திருத்தமும் வெளியிடப்பட்டது. எனினும் கனடாவின் வருமானவரி நிறுவனத்திலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் அதற்கிடையில் களவாடப்பட்டன.

உலகின் பெருநிறுவனங்கள் இலவசமாகப் பயன்படுத்திய இம்மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டொலர். முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒருவரே. பெருங்கோபுரத்தை ஒற்றைத் தூணில் நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே குடியிருந்தனர் போலும்!

அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அக்குழு வெளியிட்ட ஆவணம் பாராட்டுக்குரியது. தம்மிடம் தெளிவான வெளியீட்டுத் திட்டம் இருக்கவில்லை என்பதை அவர்கள் அதில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டனர். பின்னர் படிப்படியாக ஒழுங்குகள் வந்தன. எந்த மாற்றத்தையும் இன்னொருவர் பரிசீலிக்க வேண்டும். பிழை திருத்தும் சிறு வெளியீடுகளில் புதிய வசதிகளைப் புகுத்தலாகாது. ஒவ்வொரு பதிப்பின் ஆயுளும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. 2024 முதல் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் புதிய பதிப்புகள் வெளிவருகின்றன. 2025 ஏப்ரலில் வந்த 3.5 பதிப்புக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பு உறுதியளிக்கப்பட்டுள்ளது.

திகதியை நிர்ணயிப்பது அவசரத்துக்கு வழிவகுக்காதா என்று சிலர் ஐயுறலாம். உண்மை நேர்மாறானது எனலாம். அடுத்த வெளியீடு ஆறு மாதத்தில் வரும் என்பது நிச்சயமாகும்போது, முற்றுப்பெறாத வேலையை இறுதி நேரத்தில் திணிக்க வேண்டிய தேவை எவருக்கும் எழுவதில்லை. ஆயத்தமாகாதது அடுத்த முறைக்குக் காத்திருக்கும்.

ஹார்ட்பிளீட் திருத்தம் சில வரிகளே. பழைய நிரலும் புதிய நிரலும் இன்றும் எவரும் பார்க்கக்கூடியவாறு இணையத்தில் உள்ளன. சுட்டிகளையும் அணிகளையும் கற்று முடித்த மாணவர்களுக்கு, அவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும் பயிற்சியை ஆசிரியர்கள் வழங்கலாமே என்பது எமது வேண்டுகோள்.