பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும்: பாதி ஞாபகம் இருந்த பள்ளிப் பாடம்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாத்ரூம் தரையில் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தேன், கறை போகவில்லை. சரி, அதன் மேலேயே கொஞ்சம் ஆசிட் ஊற்றுவோம் என்று ஊற்றிவிட்டேன். 'அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும்தானே, என்ன ஆகிடப் போகுது' என்ற தைரியம். சில நொடிகளில் நெடி ஏறி, கண் எரிந்து, மூச்சு முட்டியது. கதவு திறந்திருந்ததால் வெளியே ஓடி வந்தேன். இருமல் அடங்க ராத்திரி ஆகிவிட்டது.

பி.இ. படித்தவன் எங்கே கோட்டை விட்டேன் என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

அடிப்படை இதுதான். தண்ணீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். (மிளகாய்க் காரம் வேறு சங்கதி.) இந்த இரண்டு அயனிகளும் சேர்ந்தால் தண்ணீர். மிச்சம் இருப்பவை சேர்ந்தால் உப்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் சரியான அளவில் சேர்ந்தால் கிடைப்பது நம்ம சமையல் உப்புக் கரைசல்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறது இல்லையா? சுண்ணாம்பு காரம், அதனால் மஞ்சளில் உள்ள குர்குமின் நிறம் மாறுகிறது. அதில் போதுமான எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், திரும்ப மஞ்சளாகிவிடும்.

எவ்வளவு அமிலம் என்று அளக்க, டென்மார்க்கின் சோரன்சென் 1909-ல் பிஎச் அளவுகோலைக் கொண்டுவந்தார். இதில் ஒரு எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனி 10 மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். சுத்தமான தண்ணீர் 7, எலுமிச்சைச் சாறு சுமார் 2. வித்தியாசம் 5தானே என்று நினைக்காதீர்கள், அது 1 லட்சம் மடங்கு!

சரி, என் கணக்கு எங்கே தப்பியது? பிளீச்சிங் பவுடர் வெறும் காரம் இல்லை. அதில் கால்சியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் கால்சியம் குளோரைடு என்ற உப்பு வந்தது, தண்ணீரும் வந்தது. கூடவே மூன்றாவதாக ஒன்று: குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். குத்துக்காலிட்டுத் தேய்க்கிறவர் முகத்துக்கு நேரே!

ஆக, பாட்டில் பிளீச்சோ பவுடரோ, டாய்லெட் கிளீனரோடும் ஆசிட்டோடும் சேர்க்காதீர்கள். ஒன்றைப் போட்டால் நன்றாகக் கழுவிவிட்டு, இன்னொன்றை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தவறிக் கலந்துவிட்டால் அதைச் சரிசெய்ய எதையும் ஊற்றிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். நம் வீட்டு ஆசிட்டை அதிகம் கையாள்வது அவர்கள்தான்.