கிளிக்கும் மானுக்கும் ‘டெக்ஸா’ போடலாமா?

மாடு சோர்ந்து படுத்தால் ‘டெக்ஸா’ ஊசி, மறுநாளே எழுந்து தீவனம் தின்னும் என்பது கிராமத்தில் பலரும் கண்ட காட்சி. அந்த நம்பிக்கையில் முயலுக்கும் லவ் பேர்ட்ஸுக்கும், அடிபட்டு வரும் மானுக்கும் அதே ஊசியைக் கேட்கிறார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

‘டெக்ஸா’ ஊசியில் இருக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு என்பது என்ன?

சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன்தான். அதன் செயற்கை வடிவங்களே டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவை. 1948இல் முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு இந்த வகையைச் சேர்ந்த கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். அந்த ஆய்வுகளுக்கு 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. வீக்கத்தை அடக்கும் அதே மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குகிறது என்பதை மருத்துவ உலகம் பிறகுதான் முழுதாக உணர்ந்தது.

மனிதருக்கு ஒத்துக்கொள்வது முயலுக்கும் பறவைக்கும் ஒத்துக்கொள்ளாதா?

உடலுக்கு உடல் வேறுபாடு பெரிது. மனிதர், குரங்கு, கினி பன்றி ஆகிய உயிரினங்களின் எதிர்ப்புச் சக்தி இந்த மருந்தை ஓரளவு தாங்கும். முயல், எலி, வெள்ளெலி தாங்காது. முயலின் மூக்கில் சளி நோய்க் கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கும். மூளையிலும் சிறுநீரகத்திலும் தங்கும் ஒரு நுண்ணுயிர், முயலின் தலையை ஒரு பக்கமாகச் சாய வைக்கும். அதைப் பார்த்துப் பக்கவாதம் என்று பயந்து ஸ்டீராய்டு கொடுத்தால், உறங்கும் கிருமியைத் தட்டி எழுப்பியதாகிவிடும்.

பறவைகளுக்கு இன்னும் மோசம். நுரையீரலையும் காற்றுப் பைகளையும் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறையும் தருணத்துக்காகவே காத்திருக்கும். மூச்சுத் திணறல் வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

களிம்புதானே, மேலே பூசினால் என்ன?

பறவையின் தோல் மெல்லியது. மருந்து உள்ளே இறங்கிவிடும். அலகால் இறகைக் கோதும்போது மிச்சத்தையும் விழுங்கிவிடும். லவ் பேர்ட்ஸின் அலகோரம் வெள்ளையாகச் செதில் படர்ந்தால், பெரும்பாலும் அது நுண்ணிய உண்ணியின் வேலை. வீட்டில் கிடக்கும் படர்தாமரைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது உண்ணியைக் கொல்லாது.

ஆமையின் கண் வீங்கியிருக்கிறது. சொட்டு மருந்து விடலாமா?

தொட்டியில் வளர்க்கும் ஆமைகளுக்கு இது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால் வருவது. தீவனத்தை மாற்ற வேண்டும். கருவிழியில் புண் இருக்கையில் ஸ்டீராய்டு சொட்டு விழுந்தால், எந்த விலங்கானாலும் பார்வையே பறிபோகலாம்.

நாய் துரத்திய மானுக்கு அதிர்ச்சி தணிய ஊசி போடுவது சரிதானே?

முன்பு வழக்கமாகப் போட்டார்கள். இன்று அதன் பலனே கேள்விக்குரியதாகிவிட்டது. உயிருக்குப் பயந்து ஓடிய மானின் உடலில் அதன் சொந்த ஸ்டீராய்டே பொங்கி நிற்கிறது. அதற்கு மேலும் ஊற்றினால் காயம் ஆறாது, சீழ் பிடிக்கும். மானைக் கொல்வது பல நேரம் தசைச் சிதைவு. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட உயிர் போகும். அதற்குத் தேவை இருட்டு, அமைதி, உடலைக் குளிர்வித்தல், நரம்பு வழியே திரவம். கண்ணைத் துணியால் மூடி, கூட்டத்தைக் கலைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுக்கச் சூழ்ந்து நிற்பவர்கள் அந்த மானின் சாவை விரைவுபடுத்துகிறார்கள்.

சினை மான் என்றால் இன்னொரு கண்டம். ஆடு, மாடு போன்ற அசைபோடும் இனங்களில், வயிற்றிலிருக்கும் குட்டி சுரக்கும் கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டுதான் பிரசவத்துக்கான அழைப்பு. ஊசி அதே அழைப்பைப் பொய்யாகக் கொடுத்துவிடும். மாடு கன்று வீசுவது போல மானும் குட்டியை வீசிவிடக்கூடும்.

மூட்டு வலியால் துன்பப்படும் யானைக்கு?

வளர்ப்பு யானைகளில் காசநோய் வெளியே தெரியாமல் இருப்பதுண்டு. அதைச் சோதிக்காமல் ஸ்டீராய்டைத் தொடக் கூடாது.

கழுகுகளைக் கொன்றதும் ஸ்டீராய்டா?

இல்லை. கால்நடைச் சடலங்கள் வழியே பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த டைக்ளோஃபெனாக் ஸ்டீராய்டு வகையைச் சேராத வலி மருந்து. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அந்த வகை மருந்தையும் ஸ்டீராய்டையும் ஒன்றாகக் கொடுத்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியும்.

அப்படியானால் எப்போதுமே கூடாதா?

தேவையான இடங்கள் உண்டு. கணையக் கட்டியால் ரத்தச் சர்க்கரை சரியும் ஃபெரட் என்ற செல்லப்பிராணிக்குப் பிரெட்னிசோலோன் நாளை ஓட்டும் மருந்து. கடும் ஒவ்வாமைக்கும் பயன்படும். நோய் இன்னதென்று உறுதியான பிறகு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குக் கொடுப்பதே முறை. வாரக்கணக்கில் கொடுத்ததை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. உறங்கிப்போன அட்ரினல் விழிக்க அவகாசம் வேண்டும். அதனால்தான் மருந்துக் காலம் முடியாத காட்டு விலங்கைக் காட்டில் விடக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது, ஏற்கெனவே பூசிய களிம்பு டியூபையும் கொடுத்த மாத்திரை அட்டையையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அவர் அடுத்து எந்த வலி மருந்தைத் தரலாம் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.