இல்லாத காலின் உளைவு
வலி அறிவோம் – 8

சென்ற வாரம் முகநரம்பு வலியைப் பற்றி எழுதியிருந்தேன். மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் நரம்பை ஓர் இரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருந்தால், இரண்டுக்கும் இடையே சிறிய டெஃப்லான் துண்டொன்றை வைத்து வலியை நிறுத்த முடியும். அங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத இடத்தில் என்ன செய்வது? மட்டக்களப்புத் தேற்றாத்தீவிலிருந்து அழைத்த ஓர் அண்ணன் கேட்டது அதைத்தான். மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். “தம்பி, இல்லாத கால் உளையுது. பெருவிரல் உள்ளுக்கு மடங்கி இறுகிக் கிடக்கு, நிமித்த ஏலாம இருக்கு. ஆருக்கிட்டச் சொல்ற? சொன்னா மண்டைக்குள்ள பிழை எண்டுவாங்க” என்றார்.

பிழை மண்டைக்குள்தான். ஆனால் அது கற்பனை அல்ல. உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. கால் போன பிறகும் அந்த இடம் அப்படியே இருக்கிறது. வெட்டுண்ட நரம்பின் நுனியோ தாறுமாறாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பாரிசவாதத்தில் தலமஸ் என்ற பகுதி சேதப்பட்ட சிலருக்கும் இதே கதிதான். சாரம் பட்டாலே தோல் எரியும். பரசிட்டமோல் இங்கே உதவாது. வலி பிறக்கும் இடமே வேறு.

அந்த இடத்துக்கே போனால் என்ன என்ற கேள்வி பழையது. 1969இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலியின் நடுமூளையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, மயக்க மருந்தே இல்லாமல் அதன் வயிற்றைத் திறந்து காட்டினார். 1973இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹொசொபுச்சியின் குழு, தீராத முகவலிக்காரர்களின் தலமஸில் மின்முனை பொருத்தியது. நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் என்று போற்றப்படும் சென்னை டொக்டர் டி. எஸ். கனகா, 1975 வாக்கிலேயே மூளைக்குள் நீடித்து இருக்கும் மின்முனைகளைப் பொருத்தியவர். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை.

ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும் இந்தச் சத்திரசிகிச்சை எப்படி நடக்கிறது? தலையில் ஓர் உலோகச் சட்டத்தைத் திருகிப் பூட்டுவார்கள். ஸ்கேன் படத்தை வைத்துக் குறி பார்த்து, மண்டையோட்டில் நாணயமளவு துளையிட்டு, ஒரு மில்லிமீற்றரைவிடச் சற்றே தடித்த கம்பியை உள்ளே இறக்குவார்கள். மூளைக்கு வலி தெரியாது. ஆகவே நோயாளியை விழிப்பாகவே வைத்துக் கேட்பார்கள். “இப்போ கால்ல என்ன தெரியுது?” சூடு பரவுகிறது, கூசுகிறது என்று பதில் வந்தால் இடம் சரி. சில நாள் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, பலன் தெரிந்தால் மட்டும் காறை எலும்புக்குக் கீழே பற்றரியைப் புதைப்பார்கள். இன்னொரு குறி, நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள சிங்குலேற் பகுதி. அங்கே தூண்டினால் வலி போவதில்லை, வலியின் வதை குறைகிறது. நோ இருக்கிறது, ஆனால் அது பெரிதாகப் படவில்லை என்பார்கள் நோயாளிகள்.

யப்பானின் சுபொகாவா 1991இல் இன்னொரு வழி காட்டினார்: ஆழத்துக்குப் போகாமல், மூளையின் மேற்பரப்பில் அசைவை ஆளும் பகுதியைத் தூண்டுவது. இவை எதுவும் எல்லோருக்கும் பலித்ததில்லை. அமெரிக்காவில் நடந்த இரண்டு பெரிய பரிசோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வலிக்கென ஆழ்மூளைத் தூண்டலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் வங்காளதேசத்தில் பிறந்த டிப்பு அசீஸ் ஒக்ஸ்போர்டில் அதை விடாமல் செய்துகொண்டிருந்தார். நன்றாக வேலை செய்த மின்முனையும் சில வருடங்களில் பலனிழப்பதுண்டு. மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து நூற்றில் ஓரிருவருக்கு இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை தருவது 2023இல் கலிபோர்னியாவில் பிரசாத் ஷிர்வால்கர் குழு வெளியிட்ட ஆய்வு. நான்கே நோயாளிகள், மூவர் பாரிசவாதத்தால் வலி வந்தவர்கள், ஒருவர் கால் இழந்தவர். மாதக்கணக்கில் அவர்களுடைய மூளையின் மின்னசைவைப் பதிந்து, எந்நேரம் வலி கூடும் என்ற அடையாளத்தைக் கண்டார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அந்த அண்ணன் பயந்த வலி, அங்கே கோடாகப் பதிந்திருக்கிறது.

அதற்காக அவரை இந்தச் சத்திரசிகிச்சைக்கென்று சென்னைக்குப் போகச் சொல்வேனா? இப்போது மாட்டேன். எல்லாம் கைவிட்ட பிறகு தேற்றாத்தீவு யூதாததேயு கோயிலுக்கு வருகிறவர்களைப் போல, கடைசியாகப் போகவேண்டிய இடம் இது. அதற்கு முன்னால் செய்ய நிறைய இருக்கிறது. அடிக்கட்டையில் நரம்புக்கட்டி இருக்கிறதா, பொய்க்கால் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். அமிட்ரிப்டிலின் என்ற பழைய மலிவான மருந்து பலருக்கு உதவுகிறது. ஆனால் அது மனநோய்க் குளிசை என்று யாரோ சொல்லக்கேட்டு இடையில் விட்டுவிடுகிறார்கள். வலிக்குக் கொடுக்கும் அளவு வேறு, நோக்கமும் வேறு. வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பிறகு கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்டது. இரண்டு காலுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் விம்பத்தைப் பார்த்துக்கொண்டே விரல்களை மெல்ல மடக்கி நிமிர்த்தவேண்டும். 2007இல் அமெரிக்காவில் கால் இழந்த இராணுவத்தினரிடம் தினம் 15 நிமிடமாக 4 வாரம் செய்து பார்த்தார்கள். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியைப் பார்த்த 6 பேரில் ஒருவருக்கே குறைந்தது.

மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் மிதிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. ஏற்கனவே மிதித்தவர்களின் பாடு அதோடு முடியவில்லை. அவர்களுக்கென்று ஒரு வலிக் கிளினிக் இந்தக் கரையில் வேண்டும் என்று இந்தத் தொடர் முடியும்வரை கேட்பேன். அண்ணனிடம் நான் சொன்னது: அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது “உளையுது” என்று மட்டும் சொல்லாமல் எரிவா, முறுக்கா, மின்னல் அடித்தது போலா, எந்த விரலில், எந்த நேரத்தில் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

(தொடரும்)